மனமும் மருந்தும் – 9: அந்தரமும் அளவும்

"பிள்ளை எந்நேரமும் படுத்தபடி கிடக்கிறான், கையும் நடுங்குது. குளிசையை நிப்பாட்டினால் என்ன?" மனச்சிதைவுக்கு மருந்து எடுப்பவர்களின் வீடுகளில் எழும் கேள்வி இது. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கோ கிளினிக் போகும்போது, இதே கேள்வியை வைத்தியரிடம் கேட்கப் பலருக்குத் துணிவு வருவதில்லை. வீட்டிலேயே முடிவெடுத்து விடுகிறார்கள்.

இந்த மருந்துகள் மூளையில் டோபமின் ஏற்பிகளை அடைக்கின்றன. ஏறத்தாழ 65 வீதம் அடைபட்டால் நோயாளியின் காதில் ஒலிக்கும் குரல்கள் தணியத் தொடங்கும். 80 வீதத்தை நெருங்கினால் உடல் விறைக்கும், கை நடுங்கும், ஓரிடத்தில் இருக்க விடாத அந்தரம் பிடிக்கும். ஹலோபெரிடோல் போன்ற பழைய மருந்துகளில் இந்த இடைவெளி மிக ஒடுக்கம். அந்தரத்தில் முற்றத்தை அளந்து திரிபவரைப் பார்த்து "வருத்தம் கூடிவிட்டது" என்று வீட்டார் சொல்ல, மருந்தின் அளவும் கூட, அந்தரம் இன்னும் ஏறுகிறது. நோயாளியின் வாயால் ஒரு சொல் கேட்டிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய துன்பம் இது.

வேறு மருந்துகளுக்கு மசியாத நோய்க்குக் குளோசப்பின் தருகிறார்கள். 1975இல் பின்லாந்தில் வெள்ளையணுக்கள் வீழ்ந்து நோயாளிகள் இறந்ததால் பல நாடுகள் ஒதுக்கிவைத்த மருந்து இது. 1988இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு இதன் பயனை நிறுவிய பிறகு, இரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு திரும்பி வந்தது. முதல் 18 கிழமையும் கிழமைக்கொரு தரம் இரத்தம் பார்ப்பதே வழமை. 12.5 மில்லிகிராமில் தொடங்கி, மெல்ல மெல்லத்தான் கூட்டுவார்கள்.

சுருட்டுக்குப் பேர்போன எங்கள் ஊரில் அறிந்திருக்கவேண்டிய ஒன்று உண்டு. புகைப்பவரின் ஈரல் குளோசப்பினை விரைவாகக் கழித்துவிடும். அதனால் அவருக்குக் கூடிய அளவு தேவைப்படும். அவர் திடீரென்று புகையை விட்டால், அதே அளவு குளிசையிலேயே இரத்தத்தில் மருந்து ஏறி, மயக்கமும் வலிப்பும்கூட வரலாம். இதைச் செய்வது நிக்கொட்டின் இல்லை, புகை. ஆகவே வெற்றிலையோடு போடும் புகையிலைக்கு இது பொருந்தாது. புகையை விடுவது நல்லதே. விட முன்னர் வைத்தியருக்குச் சொல்லவேண்டும்.

இதனிலும் பெரிய ஆபத்து, மருந்து விடுபடுவது. 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை மூடப்பட்டபோதும், 2022இன் மருந்துத் தட்டுப்பாட்டின்போதும் எத்தனை வீடுகள் குளிசைகளை எண்ணிப் பார்த்துப் பயந்திருக்கும்! பாதை திறந்திருக்கும் நாளிலும் கலியாண வீடு, கோயில் விரதம், கிளினிக் திகதி மறந்துபோவது என்று மருந்து விடுபடுகிறது. குளோசப்பின் 48 மணித்தியாலத்துக்கு மேல் விடுபட்டால், பழைய அளவில் திரும்பத் தொடங்கக்கூடாது. இரத்த அழுத்தம் சடாரென்று விழும், வலிப்பு வரும். திரும்பவும் 12.5இலிருந்துதான் ஏறவேண்டும், அதுவும் வைத்தியரின் கண்காணிப்பில்.

மலச்சிக்கலைச் சின்ன விஷயமென்று விடாதீர்கள். குளோசப்பின் எடுப்பவருக்குக் குடல் அசையாமல் நின்று உயிர்போனதும் உண்டு. உடம்பு பருப்பதையும் சீனி ஏறுவதையும் கிளினிக்கில் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். குளோர்புரோமசின் எடுப்பவர் தோட்டத்தில் நின்றால் வெயில் தோலை எளிதில் சுடும். தொப்பியும் நீளக்கைச் சட்டையும் வேண்டும்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தக் குளிசை எத்தனை நாள் விடுபட்டது, புகைப் பழக்கம் மாறியதா, எப்போது அந்தரம் வந்தது. நோயாளியை வெளியில் இருத்திவிட்டு நீங்கள் மட்டும் கதைக்காதீர்கள். அவரையே சொல்ல விடுங்கள்.