கம்பு பிடிங்க பாஸ்!

'நாளைக்கு வைவா'ன்னு நோட்டீஸ் போர்டுல பார்த்ததுமே உங்க உள்ளங்கை வேர்க்குதா? அப்போ நீங்க நம்ம கட்சி! எக்ஸ்டர்னல் கேட்ட முதல் கேள்விக்குப் பதில் தெரிஞ்சும், வாயே திறக்காம நின்னு லேப்ல அரியர் வாங்கின ஆளு நான். அந்த சோகத்துல திரிஞ்சப்போதான், ரூம்மேட் என்னை ஒரு சாயங்காலம் சிலம்பம் நடக்கிற திடலுக்கு இழுத்துட்டுப் போனான்.

'பெரிய இடத்துப் பெண்' (1963) எம்.ஜி.ஆர். ரேஞ்சுக்கு முதல் நாளே சுத்தப் போறோம்னு கனவோட போனா... வாத்தியார் கம்பைக் கண்ணுலயே காட்டலை! மூணு வாரம் வெறும் காலடிதான். முன்னே ஒரு அடி, பக்கவாட்டுல ஒரு அடி, திரும்பு, மறுபடியும். ஹாஸ்டல் படி இறங்கவே கைப்பிடி தேவைப்பட்டுச்சு.

அப்புறம் கைக்கு வந்தது கம்பு. நெற்றி உயரத்துக்கு மூங்கில். நடுவுல பிடிச்சுச் சுத்துறதைவிட, ஒரு முனையில பிடிச்சா 'மொமென்ட் ஆஃப் இனர்ஷியா' நாலு மடங்கு. ஃபர்ஸ்ட் இயர்ல மனப்பாடம் பண்ணின ஃபார்முலா, மணிக்கட்டு வலிச்சப்போதான் மண்டையில ஏறுச்சு! வலது கை எப்படியோ தேறிடும். இடது கைதான் வில்லன். பதினஞ்சு நாள் என் காதை நானே அடிச்சுக்கிட்டேன்.

மேட்டரே எதிராளியோட இறங்கும்போதுதான். போட்டியில எலும்பை உடைக்க வேண்டாம், உடம்பைத் தொட்டாலே பாயின்ட். ஆனா, கம்பு 'விர்ர்'ருனு வர்ற சத்தத்துக்கே நான் கண்ணை மூடிடுவேன். ''கம்பைப் பார்க்காதடா, அவன் தோளைப் பாரு. மூச்சைப் பிடிச்சு வைக்காத, விடு'' என்பார் வாத்தியார். ஒரு நாள் முழங்காலுக்குக் கீழே நச்சுனு ஒண்ணு விழுந்துச்சு. வலிச்சது நிஜம். ஆனா, அடிக்கு முன்னாடி பயந்த அளவுக்கு அடி இல்லை. அன்னையிலிருந்து கண்ணை மூடலை.

'பத்து பேரை அடிக்கலாமா?'னு கேட்கறீங்களா? நானும் கேட்டேன். ''வழி இருந்தா ஓடிரு''ன்னார். எட்டு மாசத்துல சிக்ஸ்பேக்கும் வரலை. ஆனா, ராத்திரி படுத்ததும் தூக்கம் வருது. செல்போனை நோண்டி நோண்டிப் பிடிச்சிருந்த கழுத்து வலி குறைஞ்சிருக்கு.

அந்த வைவா? மறுபடி போனேன். கை நடுங்கத்தான் செஞ்சது. காலை அகட்டி நின்னு, மூச்சை விட்டு, அவர் முகத்தைப் பார்த்தேன். மூணு கேள்விக்குப் பதில் சொன்னேன். நாலாவதுக்கு ''தெரியலை சார்''. பாஸ்!

2024 ஜனவரியில தமிழ்நாட்டுல நடந்த 'கேலோ இந்தியா' இளைஞர் விளையாட்டுல சிலம்பத்தைச் செயல் விளக்க விளையாட்டா சேர்த்தாங்க. அதனால, 'இதெல்லாம் கிராமத்து ஆட்டம்'னு சொல்ற ஃப்ரெண்டுக்குப் பதில் ரெடி. கண்ணாடி போடுறவங்க பின்னாடி ஒரு கயிறு கட்டிக்கோங்க. வயிறு முட்டச் சாப்பிட்டுட்டுப் போகாதீங்க. ப்ளீஸ், ரூமுக்குள்ள மட்டும் சுத்திடாதீங்க. எங்க ரூம் ட்யூப்லைட்டுக்கு வார்டன் இன்னும் ஃபைன் கேட்டுட்டிருக்கார்!