கடைக் கம்ப்யூட்டருக்கு எந்த டிஸ்க் வாங்கலாம்?



விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டபடியால், பில் போடும் பழைய கம்ப்யூட்டரை மாற்ற வேண்டிய நிலை நம் உறுப்பினர் பலருக்கு வந்திருக்கிறது. நம்மவர்களில் பலர் கம்பெனிப் பெட்டியாக வாங்காமல், புதுச்சேரியிலோ சென்னை ரிச்சி தெருவிலோ பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்துகொள்கிறவர்கள். அங்கே பிராசசர் எது, ராம் எவ்வளவு என்று கேட்கிறோம். டிஸ்க் விஷயத்தை மட்டும் கடைக்காரர் கையில் விட்டுவிடுகிறோம். நம் கொள்முதல், விற்பனை, பாக்கிப் பேரேடு எல்லாம் குடியிருப்பது அந்த டிஸ்க்கில்தான்.

டிஸ்க்கில் இரண்டு ஜாதி. பழைய ஹார்டு டிஸ்க்கில் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும். கிராமபோன் முள் போல ஒரு கை நகர்ந்து எழுதும், படிக்கும். எஸ்.எஸ்.டி. என்பதில் சுழலும் பாகமே கிடையாது. எல்லாம் சில்லில் பதிவாகிறது. விண்டோஸ் துவங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடி எடுக்க வேண்டும். கை நகர்ந்து தேடுவதற்கு நேரமாகும்; சில்லுக்கு அந்தத் தாமதம் இல்லை. காலையில் கடை திறந்ததும் வாடிக்கையாளர் நிற்க, நாம் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பது இதனால்தான். ஆகவே விண்டோஸ் ஏற்றுவதற்கு எஸ்.எஸ்.டி.யே வாங்க வேண்டும் என்பது நம் தீர்மானமான கருத்து.

எவ்வளவு கொள்ளளவு? விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 64 ஜி.பி. வேண்டும் என்கிறார்கள். அது கழுத்துவரை நிரம்பிய மூட்டை, 250 ஜி.பி.க்குக் குறைய வேண்டாம். 250 என்று வாங்கிய டிஸ்க் திரையில் 232 என்று காட்டும். எடை குறைவு என்று சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. சரக்கு ஒன்றே, படிதான் வேறு. ஆனால் பெயர் தெரியாத பிராண்டில் ஆகாய விலைக் குறைவாக 2 டி.பி. கிடைக்கிறதென்றால், அதில் நிச்சயம் கலப்படம்தான்.

எஸ்.எஸ்.டி. எழுத எழுதத் தேயும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். தேய்வது உண்மை. 250 ஜி.பி. சாம்சங் 870 ஈவோவுக்கு 150 டி.பி. எழுதும்வரை அல்லது 5 ஆண்டுவரை உத்தரவாதம். தினம் 20 ஜி.பி. எழுதினாலும் அந்த 150 டி.பி. தீர 20 வருஷம் ஆகும். மளிகைக் கடை பில் அதில் ஒரு மூலைக்குக் காணாது.

எம்.2 என்ற சிறிய பட்டை வடிவ டிஸ்க்கில் சாட்டா, என்.வி.எம்.இ. என்று இரு வகை. என்.வி.எம்.இ. பல மடங்கு வேகம். மதர்போர்டு எதை ஏற்கும் என்று கேட்டபிறகே பணம் கொடுங்கள். பில் போடும் வேலைக்குச் சாட்டாவே போதும்.

எஸ்.எஸ்.டி.யில் ஒரு குறை உண்டு. ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரித்துவிட்டுப் போகும்; இது ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிடக் கூடும். மின்வெட்டும் இதற்கு ஆகாது, யு.பி.எஸ். அவசியம். ஆகவே கணக்கின் நகலுக்கு இரண்டாவதாக ஒரு சாதா ஹார்டு டிஸ்க் உள்ளே இருக்கட்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் கெடுவிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும். மின்சாரமில்லாமல் அலமாரியில் வருஷக்கணக்கில் கிடந்தால் எஸ்.எஸ்.டி. பதிவை மறந்துவிடலாம் என்பதால், பழைய கணக்குக்கு ஹார்டு டிஸ்க்தான் ஏற்றது.

இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் போதுமா? பெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-ஆம் தேதி கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை. அதை அடுத்துத் தென்பெண்ணை வெள்ளம் பாகூர்க் கொம்யூனில் புகுந்தது. மேசைக்கடியில் தரையில் வைத்த பெட்டி என்றால் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே நனையும். எனவே வெளியே கழற்றி எடுக்கும் டிஸ்க் ஒன்றில் வாரம் ஒரு முறை நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பெட்டியையும் பலகை மேல் ஏற்றுங்கள். அரிசி மூட்டைக்குச் செய்கிறோம் அல்லவா?

கடைசியாக, பழைய டிஸ்க்கைப் பையனிடமோ காயலான் கடையிலோ போட்டுவிடாதீர்கள். அழித்ததாகத் திரை சொன்னாலும் தெரிந்தவன் மீட்டு எடுத்துவிடுவான். யார் எவ்வளவு பாக்கி என்பது முழுதும் அதில் இருக்கிறது.