இரவல் சட்டை வேணாம் மச்சி!

ஃபைனல் இயர் ஹாஸ்டல் பக்கம் போய்ப் பாருங்க. யாரோ ஒரு சீனியரோட ரெஸ்யூம், வாட்ஸ்அப்பில் ரூம் ரூமா சுத்திக்கிட்டு இருக்கும். பேரை மாத்து, நம்பரை மாத்து, மார்க்கை மாத்து... வேலை முடிஞ்சது! 'சவாலான சூழலில் பணிபுரிந்து நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவேன்'ங்கிற முதல் வரியில் தொடங்கி, ஹாபியில் இருக்கும் கிரிக்கெட் வரைக்கும் எல்லாமே இரவல். சாஃப்ட்வேர் கம்பெனிக்கும் அதே, பம்ப் செட் கம்பெனிக்கும் அதே!

தீபாவளிக்குச் சட்டை தைக்கவே டெய்லரிடம் அளவு கொடுக்கிறோம். வேலைக்கு அனுப்புற ரெஸ்யூமுக்கு மட்டும் அளவு எடுக்க வேண்டாமா?

இது புதுசா வந்த டெக்னிக் இல்லை பாஸ். சுமார் 1482-ல் இத்தாலியில் ஒருத்தர், மிலன் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டுக் கடிதம் தயார் பண்ணினார். 'தூக்கிட்டுப் போகக்கூடிய பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன், சத்தமில்லாம சுரங்கம் தோண்டுவேன்' என்று வரிசையாக அடுக்கியவர், 'ஓவியமும் வரைவேன்' என்பதைக் கடைசியில்தான் சொன்னார். அவர், லியனார்டோ டாவின்சி! தனக்கு எது பெருமை என்று பார்க்கலை. போர் பயத்தில் இருக்கிறவருக்கு எது தேவை என்று பார்த்தார்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். என் நண்பன் ஒருத்தன் மெக்கானிக்கல். அப்பாவுக்குச் சின்னதா ஒரு லேத் பட்டறை. ஸ்கூல் லீவிலிருந்தே அங்கேதான் கிடப்பான். வெர்னியர் பிடிச்சு அளக்கிறது அவனுக்குக் கைவந்த கலை. ஆனா, ரெஸ்யூமில் அதைப் பத்தி ஒரு வரி இல்லை. கேட்டால், "பட்டறை வேலையை எல்லாம் எவன்டா போடுவான், அசிங்கமா இருக்காது?" என்றான்.

அவன் அப்ளை பண்ணின கம்பெனி விளம்பரத்தில் கேட்டிருந்ததே, மெஷினிங் அனுபவமும் டிராயிங் படிக்கத் தெரிவதும்தான்! நாலு பேர் திட்டின பிறகு பட்டறையை மேலே கொண்டு வந்தான். சாஃப்ட்வேர் கம்பெனிக்கு அனுப்பும்போது பட்டறை ஒரு வரியாகச் சுருங்கியது. அதே பட்டறைக்காக அவன் பைத்தானில் எழுதின பில் போடுற புரோகிராம் மேலே ஏறியது. ஆள் ஒருத்தன்தான், பொய் ஒண்ணும் இல்லை. வரிசைதான் வேற. மெஷினிங் கம்பெனியில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டாங்க. முக்கால்வாசி நேரம் பட்டறையைப் பத்தித்தான் பேச்சாம்!

நீங்களும் அளவு எடுக்க, சில டிப்ஸ்:

* புராஜெக்ட், பார்ட்-டைம் வேலை, என்.எஸ்.எஸ். கேம்ப் என்று செய்தது எல்லாத்தையும் ஒரு ஃபைலில் கொட்டி வையுங்க. இதை யாருக்கும் அனுப்பக் கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் இதிலிருந்து வெட்டி எடுக்கணும்.

* விளம்பரத்தை ரெண்டு தடவை படிச்சு, கேட்டிருக்கிற திறமைகளை அடிக்கோடு போடுங்க. அதில் உங்களிடம் இருக்கிறதை, அவங்க எழுதின அதே வார்த்தையில் எழுதுங்க. பல கம்பெனிகளில் முதலில் சலிக்கிறது சாஃப்ட்வேர்தான்.

* பி.டி.எஃப்-ஐத் திறந்து, மொத்தத்தையும் காப்பி பண்ணி நோட்பேடில் போட்டுப் பாருங்க. எழுத்து கன்னாபின்னாவென்று வந்தால், அந்த சாஃப்ட்வேருக்கும் புரியாமல் போகலாம். டிசைனை எளிமையாக்குங்க.

* தெரியாததைச் சேர்க்காதீங்க. 'ஜாவா' என்று போட்டால், கேள்வியும் ஜாவாவில்தான் வரும்!

ஒரு ரெஸ்யூமுக்கு அரை மணி நேரம் ஆகும். ஐம்பது இடத்துக்கு ஒரே காப்பியைத் தட்டிவிடுறதைவிட, அஞ்சு இடத்துக்கு அளவெடுத்து அனுப்புறது மேல். உங்க வீட்டுப் பட்டறையோ, மளிகைக் கடையோ, வயக்காடோ... வெட்கப்பட்டு மறைச்சு வெச்சிருக்கிற அந்த ஒரு வரி, எந்த சீனியர் ரெஸ்யூமிலும் கிடைக்காது தலைவா!