சீமைப் படிப்பும் வீட்டுப் பத்திரமும்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை பள்ளிக்கூடம் விட்டு நான் வீடு திரும்பியபோது, வாசல் திண்ணையில் இருவர் காத்திருந்தார்கள். ஒருவன் என் பழைய மாணாக்கன். பி.காம். பரீட்சையில் முதல் வகுப்பில் தேறி, இரண்டு வருஷமாக ஓர் ஆடிட்டரிடம் வேலை பார்த்து வருகிறவன். மற்றவர் அவனுடைய தகப்பனார். பையன் கையில் இரண்டு சர்வகலாசாலைகளின் அனுமதிக் கடிதங்கள் இருந்தன. ஒன்று லண்டனிலிருந்து வந்தது, மற்றொன்று அமெரிக்காவிலிருந்து. தகப்பனார் கையில் ஒரு துணிப்பை. அதற்குள் வீட்டுப் பத்திரம்.

"ஸார், நிதிப் படிப்பில் இரண்டிலே எது உசத்தி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நாளை மறுநாள் பாங்கியில் பத்திரத்தைக் கொடுத்துவிடப் போகிறோம்" என்றார் அவர்.

பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். அது பையனுடைய தாயார் பெயரில் இருந்தது. அந்த அம்மாள் அன்று வரவில்லை.

இதே கேள்வியுடன் இன்று நம் நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் தவிக்கின்றன. ஆகையால் அன்று நாங்கள் பேசியதில் மற்றவர்களுக்கும் பயன்படக் கூடியதை இங்கே எழுதுகிறேன்.

எதற்காக?

"எதற்காகப் போகிறாய்?" என்று பையனைக் கேட்டேன். "நல்ல சம்பளத்துக்கு, ஸார்" என்றான். உண்மையைச் சொன்னானே என்று சந்தோஷப்பட்டேன். பிறகு அவனுக்கு ஒரு தஞ்சாவூர்க்காரரின் கதையைச் சொன்னேன்.

1892-ல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா, லண்டனில் கணக்காய்வுத் தொழிலைக் கற்றுப் பம்பாயில் நன்றாகத் தொழில் நடத்தியவர். 1927-ல் அமெரிக்கா சென்றார். ஸிரக்யூஸ் சர்வகலாசாலையில் வியாபார நிர்வாகப் பட்டம் பெற்றபின், நியூயார்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலையில் அரசாங்க நிதித் துறையில் முதுகலை படித்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் எட்வின் ஸெலிக்மன். முன்பு டாக்டர் அம்பேத்கருக்கும் ஆசிரியராக இருந்தவர். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்ற கேள்வி குமரப்பாவின் மனத்தைப் பற்றிக் கொண்டது. பிரிட்டிஷ் ஆட்சியின் வரவு செலவுக் கணக்கைக் கொண்டே அதற்கு விடை தேடினார். 1929-ல் தாய்நாடு திரும்பி மகாத்மாவைச் சந்தித்தார். அந்த ஆராய்ச்சி 'யங் இந்தியா'வில் தொடர்ந்து வெளிவந்தது.

எல்லாரும் குமரப்பா ஆகிவிட முடியாது. ஆக வேண்டுமென்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் கற்ற வித்தையை எந்தக் காரியத்துக்குப் பயன்படுத்துவது என்ற தெளிவு அவருக்கு இருந்தது. பங்கு மதிப்பீடா, பாங்கித் தொழிலா, காப்பீட்டுக் கணிதமா, கம்பெனி நிதி நிர்வாகமா என்று பையன் சொல்லத் தெரிந்திருந்தால், பாதிக் கேள்வி அப்போதே தீர்ந்திருக்கும். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெயர் ஒன்று, பொருள் வேறு

நிதி முதுகலை என்ற ஒரே பெயருக்குள் பல படிப்புகள் ஒளிந்திருக்கின்றன. சிலவற்றில் கம்பெனி நிதியும் முதலீடும் பிரதானம். சிலவற்றில் கணக்கியல் அதிகம். நிதிப் பொறியியல், கணித நிதி என்று வழங்குபவை கணிதத்திலேயே மூழ்கியவை. நுண்கணிதம், நிகழ்தகவு, அணிக் கணிதம், கம்ப்யூட்டர் நிரல் எழுதுதல் ஆகியவை தெரியாமல் அங்கே போவது, நீந்தத் தெரியாமல் காவேரி வெள்ளத்தில் இறங்குவதற்கு ஒப்பாகும். எனவே கல்லூரியின் பெயரைப் பார்ப்பதற்கு முன் பாடத்திட்டத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் இன்னொரு நுட்பம் உண்டு. படிப்பு முடிந்தபின் அயல்நாட்டு மாணவர் 12 மாதம் அங்கே தொழிற்பயிற்சி பெறலாம் என்பது இன்றுள்ள விதி. படிப்பு, விஞ்ஞானம்-தொழில்நுட்பம்-பொறியியல்-கணிதம் என்ற பட்டியலில் சேர்ந்ததானால் மேலும் 24 மாதம் கிடைக்கும். சாதாரண நிதிப் படிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. கணிதம் மிகுந்தது பட்டியலில் இருக்கிறது. ஆகவே, பெயரில் ஒன்றாகத் தோன்றும் இரண்டு படிப்புகளில் ஒன்று மூன்று வருஷத்துக்கும் மற்றொன்று ஒரே வருஷத்துக்கும் இடம் தரும். அந்தப் படிப்பின் அரசாங்கக் குறியீடு என்ன என்று சர்வகலாசாலைக்கே எழுதிக் கேட்டுவிடுவது உத்தமம். அதற்குப் பின்னும் அங்கே நிலைத்து வேலை பார்க்க வழக்கமாக நாடப்படும் எச்-1பி அனுமதிக்கு ஆண்டுக்கு 65,000, அந்நாட்டில் மேற்பட்டம் பெற்றோருக்கு மேலும் 20,000 என்று வரம்பு இருக்கிறது. கேட்பவர்களோ அதைவிட மிக அதிகம்.

இங்கிலாந்தில் படிப்பு பெரும்பாலும் ஒரு வருஷந்தான். செலவு குறையும் என்பது லாபம். ஆனால் செப்டம்பரில் போய் இறங்கி, பெட்டியைப் பிரிப்பதற்குள் பெரிய பாங்கிகளுக்கு மனுப் போடும் காலம் வந்துவிடும். படிப்புக்குப் பின் தங்க அனுமதித்த 2 வருஷத்தையும், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதமாகக் குறைத்திருக்கிறார்கள்.

ஜெர்மனியின் அரசாங்க சர்வகலாசாலைகள் பெரும்பாலானவற்றில் போதனைச் சம்பளம் கிடையாது. ஆனால் ஜீவனச் செலவுக்கென்று ஒரு வருஷத் தொகையை முன்கூட்டியே கட்டி வைக்க வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ என்று நிர்ணயிக்கப்பட்டது. உத்தியோகத்துக்கு ஜெர்மன் பாஷை தெரிந்திருப்பதும் பெரும்பாலும் அவசியமாகும்.

இவற்றையெல்லாம் இலவசமாக விளக்குவதாகச் சொல்லும் ஆலோசனை நிலையங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குக் கூலி கொடுப்பது சர்வகலாசாலைகள்தான். தரகர் புகழ்கிற மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

வட்டிக் கணக்கு

பிறகு பையனிடம் ஒரு நோட்டுப் புஸ்தகத்தைக் கொடுத்து, பள்ளியில் செய்தது போலக் கணக்கு எழுதச் சொன்னேன். 40 லட்சம் ரூபாய் கடன். வட்டி 10 சதவிகிதம். படிக்கும் ஒரு வருஷமும் அதற்குப் பின் ஒரு வருஷமும் தவணை இல்லை. ஆனால் வட்டி தூங்குவதில்லை. தனிவட்டியாகப் போட்டாலும் இரண்டு வருஷத்தில் 8 லட்சம் ஏறிக் கடன் 48 லட்சமாகிறது. அதைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 63,000 ரூபாய் கட்ட வேண்டும். பதினைந்து வருஷமாக நீட்டினால் மாதத் தவணை சுமார் 51,600. ஆனால் கட்டும் மொத்தத் தொகை ஏறக்குறைய 93 லட்சம்!

"இப்பொழுது அந்தத் தொகையை டாலர் சம்பளத்திலிருந்து கழிக்காதே. நீ இந்த ஊருக்கே திரும்பி வந்தால் கிடைக்கக் கூடிய சம்பளத்திலிருந்து கழித்துப் பார்" என்றேன்.

பையன் கழித்தான். மிச்சம் ஒன்றும் இல்லை. அவன் முகம் வாடியதைக் கண்டு எனக்கே மனம் சங்கடப்பட்டது. "என் சிநேகிதர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், ஸார்" என்றான் தாழ்ந்த குரலில்.

நாணய மாற்றையும் மறக்கலாகாது. ரூபாயின் மதிப்பைப் பற்றி அம்பேத்கர் லண்டனில் ஓர் ஆராய்ச்சி நூலே எழுதி 1923-ல் வெளியிட்டார். 1966 ஜூனில் ஒரே நாளில் டாலரின் விலை 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசாக உயர்ந்தது. இன்று அது 80 ரூபாயையும் தாண்டி நிற்கிறது. ரூபாய் இறங்கினால் அங்கே சம்பாதிக்கிறவனுக்கு லாபம். இங்கிருந்து இரண்டாம் வருஷச் சம்பளம் கட்டும் தகப்பனாருக்கு நஷ்டம். நிதி படிக்கப் போகிறவன் முதலில் ஆராய வேண்டிய நிதி, தன் வீட்டு நிதியே அல்லவா?

புறப்படும்போது ஒன்று மட்டும் சொன்னேன்: "பாங்கிக்குப் போகுமுன் இந்த நோட்டை அம்மாவிடம் காட்டு. வீடு அவர்களுடையது."

இரண்டு வாரம் கழித்துப் பையன் தனியாக வந்தான். தாயார் நோட்டை முழுதும் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாராம்: "ஒரு வருஷம் வேலை கிடைக்காவிட்டால் யார் கட்டுவது?" அந்தக் கேள்விக்குத் தன்னிடம் பதில் இல்லை என்று பையனே ஒப்புக்கொண்டான்.

இரண்டு சர்வகலாசாலைகளுக்கும் எழுதிச் சேரும் வருஷத்தை ஒத்திவைக்கக் கேட்டிருக்கிறான். அமெரிக்காவில் சம்மதித்து விட்டார்கள். அந்தப் படிப்பு கணிதப் பட்டியலில் சேர்ந்ததுதான் என்றும் எழுதியிருக்கிறார்கள். லண்டன் இடம் கைவிட்டுப் போயிற்று. இந்த ஒரு வருஷத்துக்குள், நம் நாட்டிலிருந்தே எழுதக் கூடிய சி.எப்.ஏ. முதல் கட்டப் பரீட்சையை எழுதுவான். உபகாரச் சம்பளங்களுக்கும் மனுப் போடுவான். கடன் பாதியாகக் குறையுமானால் போவது. குறையாவிட்டால் சென்னைப் பொருளாதாரப் பள்ளியில் நிதிப் பொருளாதாரம் படிக்க முயல்வது என்று தீர்மானம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அணிக் கணிதம் கற்றுக்கொள்ள இப்போது என்னிடம் வருகிறான். வீட்டுப் பத்திரம் அம்மாளின் பெட்டியில் இருக்கிறது.