“நீங்க செஞ்சு பார்த்தீங்களா, தம்பி?”

வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துபவனுக்குச் சமையல் குறிப்பு ஒரு வரப்பிரசாதம். இரண்டு பாடல்களுக்கு இடையே அரை நிமிடம் கிடைத்தால் போதும். “குழம்பில் உப்பு கூடிவிட்டதா? ஓர் உருளைக்கிழங்கை வெட்டிப் போடுங்கள், உப்பை இழுத்துக்கொள்ளும்” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடலாம். புலனத்தில் வந்த குறிப்புகளை அப்படியே வாசித்துக் காலம் ஓட்டியவன்தான் நானும்.

ஒரு நாள் அதே உருளைக்கிழங்குக் குறிப்பைச் சொல்லி முடித்ததும் ஜாசினிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். முன்பு தோட்டத்தில் பால்மரம் சீவியவராம்.

“நீங்க செஞ்சு பார்த்தீங்களா, தம்பி?”

“இல்லம்மா…”

“நான் செஞ்சு பார்த்தேன். கிழங்குதான் கரிச்சது. குழம்பு அப்படியேதான் இருந்துச்சு.”

அன்று மாலை வீட்டில் செய்து பார்த்தேன். அம்மா சொன்னதுதான் சரி. கிழங்கு உப்பை மட்டும் பிரித்து எடுப்பதில்லை. உப்புக் கலந்த குழம்பைத்தான் குடிக்கிறது. மீதிக் குழம்பின் கரிப்பு குறைவதில்லை. வெந்நீரோ, வெந்த பருப்போ, தேங்காய்ப்பாலோ சேர்த்துக் குழம்பின் அளவைக் கூட்டினால்தான் குறையும்.

அடுத்த வார இறுதியில், அனுமதி கேட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். தோட்டத்தில் கித்தா மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகு, குடும்பம் ஜாசின் பக்கம் ஒரு தாமானுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

விடியுமுன் முடிந்த சமையல்

மலாக்காவுக்கும் கித்தாவுக்கும் உள்ள உறவு பழையது. 1896இல் தான் சா யான் வணிக முறையில் ரப்பர் பயிரிட்டது இதே மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில்தான். வெயில் ஏறுவதற்குள் மரம் சீவினால்தான் பால் நன்றாக இறங்கும். அதனால் விடியுமுன் பெரட்டு. அதற்கும் முன்னால் பெண்களுக்குச் சமையல். லயத்து வீட்டில் விறகடுப்பு, குளிர்பெட்டி கிடையாது.

“நேரமும் இல்ல, காசும் இல்ல. அப்புறம் எங்க தம்பி வீணாக்குறது?” என்று சிரித்தார்.

காலை ஏழு மணிக்கு மலாக்கா சென்ட்ரலில் பேருந்து பிடிக்க ஓடும் நமக்கும் நேரம் இல்லை. விலைவாசியைப் பார்த்தால் காசும் அப்படித்தான். அவர் சொன்னவற்றை என் வீட்டில் செய்து பார்த்து, காரணத்தையும் தேடிப் படித்த பிறகே இங்கே எழுதுகிறேன்.

புளி கடைசியில்

சாம்பாருக்குப் பருப்பு வேகும் முன்பே புளியோ தக்காளியோ போட்டால் பருப்பு வேக வெகு நேரம் எடுக்கும். புளிப்பு, பருப்பை மென்மையாக விடாது. பருப்பு குழைந்த பிறகு புளி ஊற்றுங்கள். எரிவாயுவும் மிச்சம். கொண்டைக்கடலை ஊறவைக்க மறந்துவிட்டதா? கொதிநீர் ஊற்றி மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். அப்புறம் குக்கரில் வேகவையுங்கள். இரவு முழுக்க ஊறியதற்கு ஏறக்குறைய சமமாக வரும்.

தேங்காய்ப்பால் திரியாமல்

பாசாரில் வாங்கிய தேங்காய்ப்பூவைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் பிழிந்தால் பால் வராது. குளிரில் தேங்காயின் கொழுப்பு உறைந்துவிடுகிறது. வெதுவெதுப்பான நீர் ஊற்றிப் பிசைந்து பிழியுங்கள். இரண்டாம் பாலில் கறியை வேகவிட்டு, கெட்டியான முதல் பாலைக் கடைசியில், அடுப்பைத் தணித்து ஊற்றுங்கள். கிண்டிக்கொண்டே இருங்கள். தளதளவென்று கொதித்தால் எண்ணெய் பிரிந்துவிடும். பெட்டிப் பாலுக்கும் இதே விதிதான்.

மசாலா போத்தலும் ஆவியும்

நான் செய்துவந்த தவறு இது. கறித்தூள் போத்தலைக் கொதிக்கும் சட்டிக்கு மேலே பிடித்துத் தட்டுவேன். ஆவி உள்ளே போய்த் தூள் கட்டி தட்டும், பூசணமும் பிடிக்கும். கரண்டியில் எடுத்துப் போடுங்கள், கரண்டி உலர்ந்திருக்கட்டும். ரவை, மாவு வாங்கி வந்ததும் நான்கு நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் வண்டும் அதன் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் உடனே திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால் ஈரம் கோக்காது.

இஞ்சி பூண்டு விழுது

ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக அரைத்து வைப்பது வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் பூண்டை எண்ணெயில் போட்டு மேசையில் வைக்காதீர்கள். காற்றில்லாத எண்ணெய்க்குள் உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். ஐஸ் தட்டில் நிரப்பி உறையவைத்து, சமைக்கும்போது ஒரு கட்டியை எடுத்துச் சட்டியில் போடுங்கள். அந்த அம்மா தேவைக்கு அம்மியில் அரைத்தவர். இந்த வித்தையை மட்டும் நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

மிஞ்சிய சோறு

இனி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை. மதியம் வடித்த சோறு, அணைத்த ரைஸ் குக்கரிலேயே இரவு வரை கிடந்தது. “மிஞ்சிய சோறுதான் நாசி கோரெங்குக்கு நல்லது” என்று நானே வானொலியில் சொன்ன குறிப்பு நினைவுக்கு வந்தது. முட்டை உடைத்து ஊற்றி, நன்றாகச் சூடேற, மணக்க மணக்க வறுத்தேன். மகள் ஆசையாகச் சாப்பிட்டாள். மூன்று மணி நேரத்தில் வாந்தி. நள்ளிரவில் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காலையில் தேறிவிட்டாள்.

“சோறு எவ்வளவு நேரம் வெளியே இருந்தது?” என்றுதான் மருத்துவர் முதலில் கேட்டார்.

அரிசியில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெளியே கிடந்தால், நம் ஊர் வெப்பத்தில் அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. என் சட்டியின் சூடு மகளைக் காப்பாற்றவில்லை.

குறிப்பு தவறில்லை, பாதிதான் சொல்லியிருந்தேன். மீதிப் பாதி இது: மிஞ்சிய சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள், முந்தினால் இன்னும் நல்லது, மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாளே வறுத்துச் சாப்பிட்டுவிடுங்கள். ரைஸ் குக்கரில் வைப்பதென்றால் ‘வார்ம்’ விளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டும்.

இதை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அடுப்படியிலிருந்து பழைய பால் டின் ஒன்றைக் கொண்டுவந்தார். கெட்டிப்பால் தீர்ந்த டின். விளிம்பு மழுங்கி, அடி கறுத்திருந்தது.

“ஆளுக்கு இவ்வளவுன்னு இதுல அளந்துதான் போடுவோம். மிஞ்சினா ராத்திரியே தண்ணி ஊத்தி, விடியறதுக்கு முன்னாடி மங்குல கரைச்சுக் குடிச்சிட்டு மரத்துக்குப் போயிடுவோம். நாள் முழுக்க கிடக்க விட்டதில்ல.”

குளிர்பெட்டி இல்லாதவர்கள் மிச்சம் வைக்காமல் சமைக்கக் கற்றிருந்தார்கள். குளிர்பெட்டி இருக்கும் நான், அதற்குள் எடுத்து வைக்கச் சோம்பல்பட்டேன்.

இப்போது என் வீட்டு அரிசி வாளியிலும் ஒரு பால் டின் கிடக்கிறது. நிகழ்ச்சியில் குறிப்பு சொல்வதை நிறுத்தவில்லை. வாரத்துக்கு ஐந்து சொன்னவன் ஒன்றுதான் சொல்கிறேன், அதையும் முதல் நாள் இரவு வீட்டில் செய்து பார்த்துவிட்டு.

உங்கள் வீட்டிலும் பால்மரம் சீவிய ஒரு பாட்டியோ பெரியம்மாவோ இருக்கக்கூடும். இந்த ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்து, ஒரு குறிப்பு கேளுங்கள். “ஏன் அப்படிச் செய்றீங்க?” என்றும் கேளுங்கள். பிறகு செய்து பாருங்கள்.