சாணக் கரைசலைப் பிழியும் இயந்திரம்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

எளாவூர், ஆரம்பாக்கம், மாதர்பாக்கம் பகுதிகளில் நெல், நிலக்கடலையோடு கறவை மாடு வளர்ப்பவர்களுக்கு மழைக்காலத்தில் பெரிய தொல்லை சாணக்குழிதான். கொட்டகை கழுவிய நீரும் சாணமும் சேர்ந்து குழி நிரம்பி வழிகிறது. அள்ளவும் முடியாது, வண்டியில் ஏற்றவும் முடியாது. இதற்குத் தீர்வாக, சாணத்தில் இருந்து நீரைப் பிரிக்கும் இயந்திரங்கள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன, உங்கள் பண்ணைக்குத் தேவையா என்று தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

சாணத்தில் எவ்வளவு நீர்?

புதுச்சாணத்தில் 100 கிலோவுக்கு சுமார் 80 கிலோ நீர்தான். சாண எரிவாயு கலனில் சம அளவு நீர் கலந்து ஊற்றுகிறோம். எனவே வெளியே வரும் ஸ்லரியில் திடப்பொருள் 100 கிலோவுக்கு 6 முதல் 8 கிலோ மட்டுமே இருக்கும். ஒரு டன் ஸ்லரியை வயலுக்குக் கொண்டுபோனால், 900 கிலோவுக்கு மேல் நீருக்குத்தான் வண்டி வாடகை கொடுக்கிறீர்கள்.

இயந்திரம் வேலை செய்யும் விதம்

பண்ணைகளுக்கு ஏற்றது ஸ்க்ரூ பிரஸ் என்னும் திருகு வகை. உருளை வடிவ சல்லடைக்குள் ஒரு திருகு மெதுவாகச் சுழலும். கரும்பு பிழிவது போல, திருகு சாணத்தை முன்னே தள்ளும். வாய்ப்பகுதியில் எடை அல்லது ஸ்பிரிங் வைத்த மூடி எதிர்த்து அழுத்தும். நீர் சல்லடை வழியே கீழே வடியும். நாரும் வைக்கோல் துணுக்கும் சக்கையாக வெளியே விழும்.

மையவிலக்கு வகை இயந்திரம் நுண்துகள்களையும் பிரிக்கும். ஆனால் விலையும் மின்செலவும் அதிகம், பழகிய ஆள் வேண்டும். துணி வைத்த தட்டு வடிகட்டி பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்கானது.

பிழிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள்

ஒரு கணக்கைப் பாருங்கள். 1000 கிலோ ஸ்லரியில் 70 கிலோ திடப்பொருள் இருப்பதாகக் கொள்வோம். அதில் பாதியை இயந்திரம் பிடித்தால், 30 சதவீத திடப்பொருள் கொண்ட சக்கை சுமார் 115 கிலோ கிடைக்கும். மீதி 885 கிலோ நீராக வெளியேறும்.

சாம்பல்சத்து நீரில் கரைந்திருப்பதால் அதில் பெரும்பகுதி நீரோடு போய்விடும். உடனே பயிருக்குக் கிடைக்கும் அம்மோனியா வடிவ தழைச்சத்தும் அப்படியே. சக்கையில் தங்குவது நாரும், கரிமப்பொருளும், மணிச்சத்தில் ஒரு பகுதியும். சக்கையை மட்டும் உரமென்று எடுத்துவைத்து நீரை வாய்க்காலில் விட்டால், உரத்தில் பாதிக்கு மேல் இழந்ததாகும். அந்த நீர் ஏரியில் சேர்ந்தால் நீரிலுள்ள ஆக்சிஜன் குறைந்து மீன்கள் சாகும்.

எனவே இயந்திரத்தோடு நீர்த்தொட்டிக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

• தொட்டியை மூடி வையுங்கள். திறந்திருந்தால் தழைச்சத்து காற்றில் போகும்.
• சம அளவுக்குக் குறையாமல் நல்ல நீர் கலந்து, பாசன நீரோடு மாலை நேரத்தில் விடுங்கள். நாற்றுகளுக்கு நேரடியாக ஊற்ற வேண்டாம்.
• வடிகட்டாமல் சொட்டுநீர்க் குழாயில் விட்டால் அடைத்துக்கொள்ளும்.
• கடலோரக் கிணற்று நீர் உப்பாக இருந்தால், முதலில் நீரைப் பரிசோதியுங்கள்.

சக்கை கையில் பிடிக்கும்போது காய்ந்தது போல இருந்தாலும், 70 சதவீதம் நீர்தான். மழை படாமல் குவித்து, வாரம் ஒருமுறை கிளறி, மக்கிய பிறகே வயலில் இடுங்கள். மண்புழு உரத்துக்கும் பயன்படுத்தலாம்.

யாருக்கு இயந்திரம் தேவை?

நான்கைந்து மாடுகள் உள்ளவர்களுக்கு இயந்திரம் தேவையில்லை. சற்றுச் சரிவான சிமெண்ட் தளத்தில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு இலைதழைகளைப் பரப்பி, அதன்மேல் ஸ்லரியை ஊற்றுங்கள். நீர் வடிந்து பக்கத்துக் குழியில் சேரும். அதையே மீண்டும் சாணம் கரைக்கவும் பயன்படுத்தலாம். மேலே தங்கியதை இலையோடு சேர்த்து மக்கவிடலாம்.

பெரிய பண்ணை வைத்திருப்பவர்களும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து வாங்குபவர்களும் இயந்திரம் பற்றி யோசிக்கலாம். வாங்கும் முன்:

• உங்கள் சாணத்தையே கொண்டுபோய் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெளிவரும் சக்கையை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தால் விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது.
• மண் தரைக் கொட்டகையில் அள்ளும் சாணத்தில் மணல் கலந்திருக்கும். மணல்தான் திருகையும் சல்லடையையும் தேய்க்கும். இயந்திரத்துக்கு முன்னால் மணல் படியும் தொட்டி அவசியம்.
• கயிறு, ஆணி, பிளாஸ்டிக் பை உள்ளே போகாமல் கம்பி வலை வையுங்கள்.
• சல்லடை, திருகு போன்ற உதிரிபாகங்கள் அருகில் கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள்.
• மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு உரிய மின் இணைப்பு பெறுங்கள்.

ஆலைக் கழிவுக் கட்டி இலவசமாக வந்தால்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் அருகில் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். தொழிற்சாலைகளின் கழிவுநீர்ச் சேற்றையும் இதுபோன்ற இயந்திரங்களில்தான் பிழிகிறார்கள். பிழிந்த கட்டி பார்ப்பதற்கு மக்கிய எரு போலவே இருக்கும். "உரம், இலவசமாகக் கொட்டுகிறோம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம்.

காரணம் இதுதான். சாணத்தில் நமக்கு வேண்டிய சத்து நீரோடு போகிறது. ஆலைச் சேற்றில் நமக்கு வேண்டாத ஈயம், குரோமியம், நிக்கல் போன்ற உலோகங்கள் இருந்தால், அவை கட்டியிலேயே தங்கி நிற்கும். இயந்திரம் நீரை எடுக்குமே தவிர நஞ்சை எடுக்காது. உலோகம் மக்காது. ஒருமுறை மண்ணில் கலந்தால் எடுப்பது மிகக் கடினம்.

1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, இயற்கை உரத்தில் கிலோவுக்கு காட்மியம் 5, குரோமியம் 50, நிக்கல் 50, ஈயம் 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆய்வக அறிக்கை இல்லாத எதையும் நிலத்தில் சேர்க்காதீர்கள். 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வரும் சேற்றை, அனுமதி பெற்ற இடங்களில்தான் அகற்ற வேண்டும். யாராவது வயலிலோ ஏரிக்கரையிலோ கொட்டினால், மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

எல்லா ஆலைக் கழிவும் கெட்டதல்ல. சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சாறு தெளியும்போது தங்கும் சேற்றை உருளை வடிகட்டியில் நீர் நீக்கித் தரும் ஆலை அழுக்கு நல்ல உரம். நம் மாவட்டத்தில் திருவாலங்காட்டில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. ஆலை அழுக்கையும் மக்கவைத்தே இட வேண்டும்.

மண், நீர், எருப் பரிசோதனை பற்றியும் பண்ணை அளவுக்கு ஏற்ற முறை பற்றியும் அறிய, திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.