ஐந்து கிலோ தாங்கும் என்று போட்டிருந்தால்

கேமரா ட்ரைபாட் பெட்டியின் மேல் ‘5 கிலோ தாங்கும்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கால்களை முழுக்க நீட்டிய நிலையிலா, மடக்கிய நிலையிலா? கேமரா நேராக இருக்கும்போதா, பக்கவாட்டில் சாய்த்திருக்கும்போதா? அது எங்கும் இருக்காது. எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்டு பின்பற்றும் ஒரே அளவுகோல் இதற்குக் கிடையாது. அவரவர் வழியில் சோதித்து, அவரவர் எண்ணைப் போட்டுக்கொள்கிறார்கள். அந்த எண்ணை நம்பித்தான் லட்ச ரூபாய் கேமராவை மேலே ஏற்றுகிறோம்.

ஏற்றிய கேமரா விழுந்து உடைந்தால், “ஸ்டாண்டு மாற்றித் தருகிறோம் சார்” என்று கடைக்காரர் சொல்வார். அதோடு திருப்திப்பட வேண்டியதில்லை. உடைந்த கேமராவுக்கும் சேர்த்துக் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்த உரிமை நிலைப்பதும் நழுவுவதும் பெரும்பாலும் வாங்கும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். ட்ரைபாட் என்பது இரண்டு பொருள்: கீழே கால், மேலே ஹெட். இரண்டுக்கும் தாங்குதிறன் தனித்தனி; எது குறைவோ அதுதான் உங்கள் எண். சேர்த்து விற்கும் பெட்டியில் எதனுடைய எண்ணைப் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் பாதிதான் உண்மை என்று வைத்துக்கொள்வது நல்லது. ஃபுல் ஃப்ரேம் பாடியும் 70-200 எஃப் 2.8 லென்ஸும் சேர்ந்தால் இரண்டு கிலோவை ஒட்டி வரும். 150-600 மாட்டினால் ஏறக்குறைய மூன்று. கேமரா, லென்ஸ், ஃப்ளாஷ், மைக் எல்லாவற்றையும் கூட்டி, அதைப்போல இரண்டு மூன்று மடங்கு போட்டிருப்பதை வாங்குவதே அனுபவப்பட்டவர்களின் வழக்கம்.

எடையைவிட வினையானது, எடை எங்கே நிற்கிறது என்பது. நிறைகுடத்தை இடுப்பில் வைத்து ஒரு தெரு நடந்துவிடலாம், கையை நீட்டிப் பிடித்தால் பத்தடி தாங்காது. நீள லென்ஸ் கேமராவுக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும்போது ஹெட் படும் பாடு அதுதான். அதனால்தான் பெரிய லென்ஸ்களுக்கு அடியில் தனிக் காலர் கொடுத்திருக்கிறார்கள். ஹெட் கவ்விப் பிடிக்கும் ப்ளேட்டை அதில்தான் மாட்ட வேண்டும். கேமராவின் அடியில் மாட்டி, லென்ஸை அந்தரத்தில் தொங்கவிட்டால் மவுண்ட்டும் தேயும், ஹெட்டும் சரியும்.

கடையில் செய்து பார்க்க வேண்டிய சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். உங்கள் கேமராவையும், இருப்பதிலேயே கனமான லென்ஸையும் எடுத்துப் போங்கள். கால்களை முழுக்க நீட்டி, பூட்டி, ஹெட்டின் மேல் கையை ஊன்றி அழுத்துங்கள். ஏதாவது ஒரு கால் மெல்ல உள்ளே இறங்கினால் அந்தப் பூட்டு சரியில்லை. பிறகு லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, தூரத்தில் இருக்கும் ஏதாவது ஓர் எழுத்தைக் குறிவைத்து, குமிழை இறுக்கிவிட்டுக் கையை எடுங்கள். எழுத்து திரையில் கீழே நழுவுகிறதா? மலிவான பால் ஹெட்டுகளில் இறுக்கிய பிறகும் ஒரு மயிரிழை இறங்கும். இப்போது லென்ஸ் நுனியை விரலால் லேசாகத் தட்டுங்கள். ஆட்டம் சட்டென்று அடங்கினால் நல்லது. ஆடிக்கொண்டே இருந்தால், ஒரு விநாடி, இரண்டு விநாடி எக்ஸ்போஷர் எல்லாம் கலங்கித்தான் வரும். இதைச் செய்ய விடாத கடையில் வாங்காதீர்கள் என்பேன்.

‘ஏழடி உயரம்’ என்கிற விளம்பரமும் பாதி நடுத்தண்டை முழுக்கத் தூக்கிய பிறகு வருகிற கணக்குதான். நடுத்தண்டு ஏற ஏற மூன்று கால் ஒற்றைக் கால் ஆகிவிடும். தண்டைத் தூக்காமலே கேமரா உங்கள் கண்மட்டத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். அலுமினியமா கார்பன் ஃபைபரா என்பது பெரும்பாலும் முதுகுக்கும் பர்ஸுக்கும் இடையிலான வழக்கு. மலையேறுபவர் கார்பன் வாங்கலாம், கல்யாண மண்டபத்தில் வேலை பார்ப்பவருக்கு அலுமினியமே தாராளம். ஹெட் விஷயத்தில் மட்டும் வேலையைப் பார்த்து வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பால் ஹெட், கட்டடம் எடுப்பவருக்கு மூன்று கைப்பிடி ஹெட், வீடியோவுக்கு ஃப்ளூயிட் ஹெட், வேடந்தாங்கலில் பறவை எடுப்பவருக்குக் கிம்பல். கழற்ற முடியாத ஹெட்டோடு வருவதைத் தவிருங்கள். ஹெட் கெட்டால் மொத்தமும் குப்பைக்குத்தான் போகும்.

கேமராவின் அடியில் இருக்கும் துளை கால் அங்குல மரை. ஹெட்டையும் காலையும் இணைப்பது பெரும்பாலும் 3/8 அங்குலம். இவை உலகெங்கும் ஒன்றுதான். ப்ளேட் அப்படியல்ல. ‘ஆர்கா ஸ்விஸ் டைப்’ என்று போட்டிருந்தாலும் அகலம் நிறுவனத்துக்கு நிறுவனம் நூலிழை மாறும். குமிழைத் திருகி இறுக்கும் க்ளாம்ப் அதைச் சமாளித்துக்கொள்ளும். லீவர் க்ளாம்ப் ஒரே அளவுக்கு மட்டும் கவ்வும். வேறு ப்ளேட்டை வைத்தால் ‘டக்’ என்று மூடியது போலிருக்கும், பிடி இருக்காது. ப்ளேட்டின் அடியில் நறுக்கென்று நிற்கும் குட்டித் திருகு ஒன்று இருக்கும். க்ளாம்ப் தளர்ந்தாலும் கேமரா வழுக்கி விழாமல் தடுப்பது அதுதான். இடைஞ்சல் என்று அதைக் கழற்றிப் போடுபவர்கள் உண்டு.

இடம் சார்ந்த ஆபத்துகளும் உண்டு. மண்டபத்தில் விரித்த காலில் தடுக்கிக் குழந்தை விழுந்தால் பொறுப்பு வைத்தவர் தலையில் வரும். அலுமினியம், கார்பன் இரண்டுமே மின்சாரம் கடத்தும். மின்கம்பிக்கு அடியில் உயரத் தூக்குவதும், இடி மின்னலை வெட்டவெளியில் நின்று எடுப்பதும் வேண்டாம். கடற்கரையில் வைத்த காலை அன்றே நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பும் மணலும் பூட்டுக்குள் போனால் அதை எந்த உத்தரவாதமும் காப்பாற்றாது. மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில் போன்ற மத்தியத் தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும்.

சரி, விழுந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில், ஒட்டாதீர்கள். சூப்பர் க்ளூ போட்டுவிட்டால் சாட்சி போச்சு. உடைந்த ஹெட், ப்ளேட், கேமரா மூன்றையும் விழுந்த நிலையிலேயே படமெடுத்து, பெட்டியோடு எடுத்து வையுங்கள். குறைபாட்டைச் சோதித்தறிய வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, அதிகபட்ச விலை, புகார் எண் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். இது எதுவும் இல்லாத வெற்றுப் பெட்டியை வாங்குவதே முதல் தவறு. இணையத்தில் வாங்கினால், தாங்குதிறன் எழுதியிருக்கும் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் போன பிறகு அந்த எண் மாறிவிடலாம்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘பொருள் பொறுப்பு’ என்று ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. குறைபாடுள்ள பொருளால் வேறொரு உடைமைக்கோ உடம்புக்கோ சேதம் வந்தால் உற்பத்தியாளரிடம் இழப்பீடு கேட்கலாம். அச்சிட்ட உறுதிமொழிக்குப் பொருள் பொருந்தாவிட்டால், “நாங்கள் கவனக்குறைவாக இல்லை” என்ற வாதம் அவரைக் காப்பாற்றாது. எங்கோ தயாரான ட்ரைபாடில் தன் பெயரை ஒட்டி விற்பவரும் சட்டப்படி உற்பத்தியாளரே. தயாரித்தவர் யாரென்றே தெரியவில்லை, அல்லது இந்தியச் சட்டத்துக்கு எட்டாதவர் என்றால் விற்றவரைப் பிடிக்கலாம். உடைந்த ட்ரைபாடின் விலையை, குறைபாடுள்ள பொருள் என்ற வழக்கமான புகாரில் கேட்க வேண்டும். கேமரா உடைந்ததால் கைவிட்டுப்போன கல்யாண ஆர்டர்களின் வருமானம் இந்த அத்தியாயத்தில் வராது.

எதிர்த்தரப்பின் முதல் வாதம் ‘தவறாகப் பயன்படுத்தினார்’ என்பதாகத்தான் இருக்கும். அது நிரூபணமானால் வழக்கு பெரும்பாலும் நிற்காது. மேலே எடைக் கணக்கைப் பற்றி அவ்வளவு சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது வாதம், ‘இவர் தொழில் செய்பவர், நுகர்வோரே அல்ல’. இதைக் கேட்டுப் பின்வாங்கும் போட்டோகிராபர்கள் நிறைய. சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிய பொருள் ‘வணிக நோக்க’த்தில் சேராது என்று சட்டத்தின் விளக்கவுரையே சொல்கிறது. நாலைந்து கிளை வைத்து ஆட்களை அமர்த்தி நடத்தும் ஸ்டுடியோ என்றால் இந்த வழி அடைபடக்கூடும்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில்லே தராமல் விடுவதும் அப்படித்தான். இணைய வணிகத் தளம் என்றால் அதன் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை.

வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். வாடகை ஒரு சேவை. எடுக்கும்போதே கடைக்காரர் எதிரில் ஹெட்டின் பூட்டு, ப்ளேட்டின் திருகு, கால்களின் ரப்பர் மூன்றையும் வீடியோ எடுத்து அவருடைய வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸ் தொகையை ரசீதில் எழுதி வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.